பாந்தர் டாங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் ஒரு பல்சக்கரத்தின் கதையும்

இரண்டாம் உலகப் போர் டாங்கிகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஜெர்மனியின் பாந்தர் வந்து நடுவில் நின்றுகொள்ளும். 'அதற்கு நிகராக ஒன்று வந்ததே இல்லை' என்பார் ஒருவர். 'பாதி வழியில் நின்றுபோகும் வண்டி' என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் ஒரே வண்டியைத்தான். நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. இளமையில் சில ஆண்டுகள் கியர் வெட்டும் பட்டறையில் நின்றவன். ஆகவே பீரங்கியைவிடக் கியர்பெட்டியின் மேல்தான் என் கண் போகும். அந்தச் சாய்வு கீழே உள்ள பதில்களிலும் தெரியும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாந்தரும் டைகரும் ஒன்றா?

இல்லை. டைகர் ஜெர்மனியின் கனரக டாங்கி. சுமார் 57 டன். பாந்தர் ஜெர்மானியர் கணக்கில் நடுத்தர டாங்கி. எடை ஏறக்குறைய 45 டன். அதே காலத்து அமெரிக்க ஷெர்மன் 30 டன்னைச் சற்றே தாண்டியது. சோவியத்தின் ஐ.எஸ்.-2 என்ற கனரக டாங்கியே 46 டன்தான். ஆக, எடையில் எதிரிகளின் கனரக வண்டிக்குச் சமம், ஒப்படைக்கப்பட்ட வேலையில் நடுத்தரம். இந்தப் பொருத்தமின்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிச் சிக்கலுக்கு இதுவே வேர்.

முதலில் இதன் பெயர் 'பான்சர் 5 பாந்தர்' என்று இருந்தது. 1944 பிப்ரவரி 27 அன்று, எண்ணை எடுத்துவிட்டு வெறும் பாந்தர் என்றே வழங்க வேண்டும் என்று ஹிட்லர் உத்தரவிட்டார். உள்ளே ஐந்து பேர்: ஓட்டுநர், ரேடியோக்காரர், குறிபார்ப்பவர், குண்டு திணிப்பவர், தலைவர்.

எதற்காக இப்படி ஒரு டாங்கி தேவைப்பட்டது?

சோவியத்தின் டி-34 டாங்கியின் புண்ணியம். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்தபோது, தங்களிடம் இருப்பதைவிட நல்ல டாங்கி எதிரியிடம் இருக்கும் என்று அதன் தளபதிகள் எதிர்பார்க்கவில்லை. டி-34இன் முன்தகடு சாய்ந்திருந்தது. ஜெர்மன் குண்டுகள் பட்டுத் தெறித்தன. அகன்ற சங்கிலிப் பட்டை என்பதால் சேற்றில் புதையவில்லை. அக்டோபரில் ம்ட்சென்ஸ்க் நகருக்கு அருகே சோவியத் தளபதி கத்துகோவின் டாங்கிப் படை ஜெர்மனியின் 4ஆவது பான்சர் டிவிஷனை நன்றாக அடித்துவிட்டது. அந்த டிவிஷன் ஜெர்மன் தளபதி குடேரியனின் படையைச் சேர்ந்தது. ஆயுதத் துறைப் பொறியாளர்களும் தொழிற்சாலைக்காரர்களும் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகக் கேட்டார். நவம்பரில் ஒரு குழு போர்முனைக்கு வந்தது. எரிந்து கிடந்த டி-34களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அதற்கு முன்பே 20 டன் எடையில் ஒரு புதிய டாங்கிக்கான வரைபடங்கள் மேசைமேல் இருந்தன. அவை ஓரம் கட்டப்பட்டன. 30 டன் வகுப்பில் புதிதாக ஒன்று வேண்டும் என்று டைம்லர்-பென்ஸ், எம்.ஏ.என். என்ற இரண்டு நிறுவனங்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது.

டி-34ஐ அப்படியே நகலெடுத்திருந்தால் வேலை முடிந்திருக்குமே?

போர்முனை அதிகாரிகள் பலரும் இதையே கேட்டார்கள் என்று குடேரியன் எழுதியிருக்கிறார். முடியாததற்குப் பொறியாளர்களின் வறட்டுக் கௌரவம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையான தடை பொருள்களில் இருந்தது. டி-34இன் 500 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் பெரும்பகுதி அலுமினியத்தால் ஆனது. ஜெர்மனியின் அலுமினியம் விமானங்களுக்கே போதவில்லை. உலோகக் கலவைக்கு வேண்டிய அரிய தாதுக்களும் கைவசம் குறைவு. போதாக்குறைக்கு, டி-34இன் கூண்டுக்குள் இருவர் மட்டுமே உட்காரலாம். தலைவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். மூன்று பேர் கூண்டுக்குப் பழகிய ஜெர்மன் டாங்கிப் படை அந்த ஏற்பாட்டுக்குத் திரும்பிப் போக விரும்பாததில் வியப்பில்லை.

(கூண்டு என்று நான் சொல்வது மேலே பீரங்கியோடு சேர்ந்து சுழலும் பகுதியை. டரட் என்றும் சொல்வார்கள்.)

டைம்லர்-பென்ஸ் வடிவமைப்பு ஏன் தோற்றது?

பார்வைக்கு அது டி-34இன் தம்பியைப்போல இருந்தது: டீசல் இன்ஜின், பின்பக்கத்திலிருந்தே சங்கிலியை இழுக்கும் ஏற்பாடு, தகட்டு ஸ்பிரிங். ஹிட்லருக்கு அது பிடித்திருந்தது. 1942 மார்ச்சில் 200 வண்டிகளுக்கு ஆர்டரே கொடுத்துவிட்டார்கள். ஆனால் மே மாதத்தில் காற்று திசை மாறியது. எம்.ஏ.என். தன் வண்டிக்கு ரைன்மெட்டல் நிறுவனம் ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்த கூண்டை எடுத்துக்கொண்டது. டைம்லர்-பென்ஸுக்கோ கூண்டு இனிமேல்தான் வர வேண்டும். அவசரக்காரர்களுக்குத் தேதிதான் முக்கியம். தூரத்திலிருந்து பார்த்தால் டி-34 என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்தது.

எம்.ஏ.என். என்ற மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் தமிழில் மான். சிறுத்தையை மான் பெற்ற கதை இது.

முடிவெடுத்த பிறகு எத்தனை நாளில் வண்டி தயாரானது?

1942 மே மாதம் தேர்வு. செப்டம்பரில் முதல் மாதிரி வண்டி. 1943 ஜனவரியில் தொழிற்சாலையிலிருந்து உற்பத்தி வண்டிகள். புதிய இன்ஜின், புதிய கியர்பெட்டி, புதிய பீரங்கி, புதிய சக்கர அமைப்பு எல்லாம் கொண்ட ஒரு வண்டிக்கு எட்டே மாதம்! ஒரு மாதிரியை ஓடவிட்டு, உடையும் இடத்தைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடியும் ஓடவிடுவதற்கே அந்த அவகாசம் போதாது. பரிசோதனை ஓட்டம் என்று ஒன்று நடந்தது என்றால், அது பெரும்பாலும் வாடிக்கையாளரின் கையில்தான் நடந்தது. அந்த வாடிக்கையாளர் போர்முனையில் இருந்தார்.

30 டன் என்று தொடங்கியது 45 டன் ஆனது எப்படி?

கல்யாணச் சமையலில் இலைகள் கூடுவதுபோலத்தான். 30 டன் வகுப்பு என்று சொல்லி, வரைபடம் முடிந்தபோதே 35 என்றார்கள். பிறகு முன்தகட்டின் கனம் 60 மில்லிமீட்டர் போதாது, 80 வேண்டும் என்று ஹிட்லர் கேட்டார். கூண்டின் முகப்பு 100 மில்லிமீட்டர் ஆனது. முதல் வகை வண்டியே 43 டன்னைத் தொட்டது. பின்னால் வந்தவை அதையும் தாண்டின.

எடை கூடக்கூட வலுவான இன்ஜின் போட்டார்கள். முதல் 250 வண்டிகளுக்கு மேபாக்கின் 21 லிட்டர் இன்ஜின், 650 குதிரைத்திறன். பிறகு 23 லிட்டர், 700 குதிரைத்திறன். இன்ஜினை மாற்றிவிடலாம். இன்ஜினிலிருந்து சங்கிலி வரைக்கும் உள்ள ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தண்டும் பழைய எடையை நினைத்து வரையப்பட்டவை. அவற்றை யாரும் அதே வேகத்தில் மாற்றவில்லை.

ஃபைனல் டிரைவ், ஃபைனல் டிரைவ் என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பாந்தரின் இன்ஜின் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு, கூண்டின் அடியில் ஓடி, முன்னால் ஓட்டுநருக்கும் ரேடியோக்காரருக்கும் நடுவில் உள்ள கியர்பெட்டிக்கு வருகிறது. ஏழு கியர், இசட்.எஃப். நிறுவனத்தின் தயாரிப்பு. கியர்பெட்டியிலிருந்து விசை இடமும் வலமுமாகப் பிரிந்து, கடைசியாக ஒருமுறை வேகம் குறைந்து, இழுவை கூடி, சங்கிலியைக் கவ்வி இழுக்கும் பெரிய பல்சக்கரத்துக்குப் போகிறது. அந்தக் கடைசிப் படிதான் ஃபைனல் டிரைவ். டிராக்டர் மெக்கானிக்குகளுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

வண்டியின் முழு எடையையும் இழுக்கும் சுமை இங்கேதான் வந்து விழும். சேற்றில் புதைந்த 45 டன் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது அந்தப் பற்கள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். இதற்குச் சரியான தீர்வு கோள் கியர்: நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு சக்கரங்கள், வெளியே அவற்றைத் தழுவி நிற்கும் வளையம். சுமையைப் பல சக்கரங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். எம்.ஏ.என். பொறியாளர்களும் முதலில் இதையே விரும்பினார்கள்.

ஆனால் அந்த வெளி வளையத்துக்குப் பல் உட்புறத்தில் இருக்க வேண்டும். கியர் பட்டறையில் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். வெளிப்புறப் பல் என்றால் ஹாபிங் இயந்திரத்தில் மாட்டிவிட்டால் போதும்; வெட்டுகருவி சுழன்றபடியே வெட்டிக்கொண்டு போகும், பக்கத்தில் நின்று எண்ணெய் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே பல் வேண்டுமென்றால் அந்த வெட்டுகருவி நுழையாது. ஷேப்பிங் இயந்திரம் வேண்டும். உளி மேலும் கீழும் போய்வந்து கொத்திக் கொத்தி எடுக்கும். வேறு இயந்திரம், வேறு பக்குவம். மாதம் நூற்றுக்கணக்கான வண்டி, வண்டிக்கு இரண்டு என்று கணக்குப் போட்டால் எத்தனை இயந்திரங்கள் வேண்டும்? ஜெர்மனியிடம் அத்தனை இல்லை.

ஆகவே எளிய நேர்ப்பல் சக்கரங்களைக் கொண்டு இரட்டைப் படியாக ஃபைனல் டிரைவைச் செய்தார்கள். ஒரு சக்கரம் இன்னொன்றைத் தள்ளும். தள்ளும் அந்தக் கணத்தில் ஒன்றிரண்டு பற்களின்மேலேயே அத்தனை சுமையும். இடமும் குறுகலானது, சக்கரத்தைப் பெரிதாக்கவும் வழியில்லை. எஃகின் தரமும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. பல் உடைந்தது.

போருக்குப் பின் பாந்தர்களை வைத்திருந்த பிரெஞ்சு ராணுவம் 1947இல் ஓர் அறிக்கை எழுதியது. அதன்படி ஃபைனல் டிரைவின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புறப்பட்டால் விழுப்புரத்தோடு சரி. நார்மண்டியில் கைவிடப்பட்டுக் கிடந்த பாந்தர்களில் பாதியில் ஃபைனல் டிரைவ் உடைந்திருந்த அடையாளம் இருந்தது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இந்த 150 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கை பழகிய ஓட்டுநரிடம் வண்டி இதைவிடப் பலமடங்கு ஓடும். நான்கு வாரப் பயிற்சியோடு வந்த பையன் சட்டென்று திருப்பினால் முதல் நாளே போய்விடும். போரின் கடைசி ஆண்டில் பயிற்சிக்குப் பெட்ரோல் கிடையாது என்பதால் இரண்டாம் வகையினர்தான் பெருகினார்கள்.

எனக்கு இந்த வண்டியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்: பாந்தர் வரைந்தவர்களின் மூளையில் தோற்கவில்லை, இயந்திரக் கொட்டகையில் தோற்றது.

இன்ஜின் தீப்பிடிக்கும் என்பது உண்மையா?

முதல் ஆண்டில் உண்மை. ஆற்றை அடியில் மூழ்கியே கடக்க வேண்டும் என்ற விருப்பத்தில் இன்ஜின் அறையை நீர் புகாதபடி மூடினார்கள். நீர் புகாத இடத்தில் காற்றும் புகாது. கசிந்த பெட்ரோலும் அதன் ஆவியும் உள்ளேயே தேங்கின, சூடும் தேங்கியது. பிறகு காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள், எரிபொருள் குழாய் இணைப்புகளைத் திருத்தினார்கள், தீ குறைந்தது. 1943 நவம்பரில் இன்ஜின் சுழற்சியை நிமிடத்துக்கு 3000இலிருந்து 2500ஆகக் கட்டுப்படுத்தியதும் பேரிங்குகள் மூச்சு விட்டன. வண்டியின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரிலிருந்து 46ஆகக் குறைந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

குர்ஸ்கில் பாந்தர்கள் எல்லாம் தாமாகவே நின்றுபோயினவாமே?

பாதி உண்மை. குர்ஸ்க் என்பது 1943 ஜூலையில் ஜெர்மனி சோவியத் முனையில் தொடுத்த பெரும் தாக்குதல். அந்த ஆண்டு வசந்தகாலத்தில் தயாரான வண்டிகளில் அத்தனை கோளாறு இருந்ததால், அவற்றைத் திரும்ப வாங்கி பெர்லினுக்கு அருகே ஃபால்கென்சே முதலான இடங்களில் பிரித்துத் திருத்தினார்கள். புதிய டாங்கிகள் வரட்டும் என்று தாக்குதலே தள்ளிப்போடப்பட்டது. கடைசியில் 200 பாந்தர்கள் ரயிலில் வந்து இறங்கியபோது தாக்குதலுக்குச் சில நாள்களே பாக்கி. முனைக்குப் போகும் வழியிலேயே இரண்டு தீப்பற்றி எரிந்தன. ஜூலை 5 அன்று செர்காஸ்கோயே அருகே மற்றவை நேரே கண்ணிவெடி வயலில் போய் மாட்டின.

டாங்கிப் படைகளின் தலைமை ஆய்வாளராக இருந்த குடேரியனின் அறிக்கை ஜூலை 10 மாலை நிலையைக் கொடுக்கிறது. முனையில் ஓடும் நிலையில் இருந்தவை 10. முற்றிலும் இழந்தவை 25. பழுதுபார்க்க வேண்டியவை 100. அவற்றில் 56 குண்டாலும் கண்ணிவெடியாலும், 44 இயந்திரக் கோளாறால். சரிசெய்யப்பட்டு முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவை சுமார் 40. இன்னும் மீட்கப்படாமல் கிடந்தவை 25. கூட்டினால் 200.

எண்களைப் பாருங்கள்: இயந்திரக் கோளாறைவிட எதிரி செய்த சேதமே அதிகம். ஆனால் ஆறே நாளில் 200இல் 10 மிஞ்சியது என்பதும் அதே அறிக்கைதான். யார் எந்தக் கட்சியோ, அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது ஏன்?

ஆயுதத் துறையில் கினீப்காம்ப் என்ற பொறியாளருக்கு இந்த அமைப்பின்மேல் அலாதி ஈடுபாடு. 860 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய சக்கரங்களை அச்சுக்கு இரண்டாக, ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வரும்படி பின்னி வைத்தார்கள். பக்கத்துக்கு எட்டு அச்சு. எடை சங்கிலி நெடுகிலும் சமமாகப் பரவும். கரடுமுரடான நிலத்திலும் வண்டி தொட்டில் ஆடுவதுபோலப் போகும். 45 டன் வண்டி வயலில் ஓடியதே இதனால்தான்.

உள்வரிசையில் ஒரு சக்கரம் கெட்டால்? அதை மறைத்து நிற்கும் வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றினால்தான் கை உள்ளே போகும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் புகுந்த சேறு இரவில் கல்லாக உறையும். காலையில் கடப்பாரையோடு போக வேண்டும். பழுதுபார்ப்பவரைக் கேட்காமல் வரைந்த வண்டி எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கியர்பெட்டியும் அப்படியே: அதை வெளியே எடுக்க, ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள தகட்டைக் கழற்றிக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும்.

75 மில்லிமீட்டர் பீரங்கி ஷெர்மனிலும் உண்டே, பாந்தரில் என்ன விசேஷம்?

துளையின் அகலம் ஒன்றுதான், குழலின் நீளம் வேறு. பாந்தரின் குழல் துளையைப்போல 70 மடங்கு நீளம், அதாவது ஐந்தேகால் மீட்டர். தோட்டாவும் பெரிது, நிறைய மருந்து பிடிக்கும். குண்டு வினாடிக்கு 900 மீட்டருக்கும் மேல் வேகத்தில் கிளம்பும். ஷெர்மனின் தொடக்ககாலப் பீரங்கியில் அது 620க்குள்தான். ஒரு கிலோமீட்டர் தொலைவில், சாய்ந்த தகட்டிலும் 100 மில்லிமீட்டருக்கு மேல் துளைக்கும். இதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

எங்கே, எத்தனை தயாரித்தார்கள்?

நூரெம்பெர்க்கில் எம்.ஏ.என்., பெர்லின் மாரியன்ஃபெல்டேயில் டைம்லர்-பென்ஸ், ஹானோவரில் எம்.என்.ஹெச். என்று சுருக்கமாக வழங்கிய இயந்திர ஆலை. இவை மூன்றும் முக்கியமானவை. காசெலின் ஹென்ஷெல் தொடக்கத்தில் சில செய்தது. டேமாக் மிகக் கொஞ்சம்.

மாதம் 600 என்பது இலக்கு. 1943இல் சராசரி மாதம் 150ஐக்கூட எட்டவில்லை. 1944இல் அது 315. உச்சம் 1944 ஜூலையில், 380. மொத்தத்தில் சுமார் 6,000 வண்டிகள். ஒப்பிட வேண்டுமானால், ஷெர்மன் 49,000க்கும் மேல். ஜெர்மனியின் பழைய பான்சர் 4 சுமார் 8,500.

டி, ஏ, ஜி என்று வகைகள் சொல்கிறார்களே?

இதுதான் வரிசையும்கூட: முதலில் டி, பிறகு ஏ, கடைசியில் ஜி. அகரவரிசை பார்த்துக் குழம்ப வேண்டாம். டி-34இன் டி-யோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு எழுத்து. டி வகை 1943 செப்டம்பரோடு நின்றது, ஏறக்குறைய 850. ஏ வகை 1943 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, சுமார் 2,200. ஜி வகை 1944 மார்ச்சிலிருந்து போர் முடியும்வரை, 2,900க்கும் மேல்.

ஜி வகையை நான் தனியாகப் பாராட்டுவேன். இங்கேதான் தொழிற்சாலைக்காரன் பேச்சு முதல்முறையாக எடுபட்டது. பக்கத்தகட்டை ஒரே நேர்க்கோட்டில் வெட்டி, கனத்தை 40இலிருந்து 50 மில்லிமீட்டராக்கினார்கள். ஓட்டுநர் முன்னால் இருந்த பார்வைத் துளையை எடுத்துவிட்டு, சுழலும் பெரிஸ்கோப் வைத்தார்கள். முன்தகட்டில் ஓட்டை போடும் வேலையும் மிச்சம், பலவீனமான இடமும் போயிற்று. 1944 செப்டம்பரிலிருந்து பீரங்கியைச் சுற்றியுள்ள உருளைக் கவசத்தின் அடியில் ஒரு முகவாய் வைத்தார்கள். அதற்கு முன்பு கவசத்தின் கீழ்ப்பாதியில் பட்ட குண்டு கீழ்நோக்கித் தெறித்து, ஓட்டுநரின் தலைக்கு மேல் உள்ள மெல்லிய கூரையைத் துளைத்துக்கொண்டு போனது.

விலை எவ்வளவு? டைகரைவிட மலிவு என்பது சரியா?

சரி. பீரங்கியும் ரேடியோவும் நீங்கலாக பாந்தர் 1,17,100 ரைஷ்மார்க், பான்சர் 4 1,03,462, டைகர் 2,50,800. பழைய வண்டியைவிடப் பத்துப் பதினைந்து விழுக்காடு கூடுதல் விலையில் இந்தப் பீரங்கியும் இந்தக் கவசமும் என்றால் அது உண்மையிலேயே சாதனை. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு பதில்: ஒன்று, நான் மேலே சொன்ன நேர்ப்பல் சக்கரம் போன்ற சமரசங்கள். மற்றொன்று அடுத்த கேள்வியில்.

இவற்றைச் செய்தவர்கள் யார்?

1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மிகப் பலர் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள், மற்றவர்கள் போர்க்கைதிகள். எம்.ஏ.என்., டைம்லர்-பென்ஸ், ஹென்ஷெல் எல்லாமே கட்டாய உழைப்பைப் பயன்படுத்தியவை. உக்ரைனிலிருந்தும் போலந்திலிருந்தும் பிடித்துவரப்பட்ட ஆண்களும் பெண்களும் முள்வேலி முகாமில் தூங்கி எழுந்து, தங்கள் ஊரை அழிக்கப்போகும் வண்டிக்குத் துளையிட்டார்கள். வடிவமைப்பைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இந்த இடத்தில் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டினி கிடப்பவனிடம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தை எதிர்பார்ப்பது எவ்வளவு பெரிய மடமை என்பதைக் கியர் வெட்டியவன் என்ற முறையிலாவது சொல்லிவைக்கிறேன்.

குண்டுவீச்சு உற்பத்தியை எவ்வளவு பாதித்தது?

வண்டியை ஒன்றுசேர்க்கும் ஆலைகள் அடிபட்டும் ஓடிக்கொண்டிருந்தன. வலித்த இடம் வேறு. 1944 ஏப்ரல் 27 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனைத் தாக்கின. இன்ஜின் செய்யும் மேபாக்கும் கியர்பெட்டி செய்யும் இசட்.எஃப்.பும் அந்த ஒரே சிற்றூரில்தான் இருந்தன! டாங்கி உற்பத்திக்கு மிகப் பெரிய சேதம் விளைவித்த தாக்குதல் அதுதான் என்று போருக்குப் பின் விசாரணையில் ஜெர்மன் அதிகாரிகளே சொன்னார்கள். நல்லவேளையாக அவர்களுக்கு, கெம்னிட்ஸ் அருகே சீக்மாரில் ஆட்டோ யூனியன் ஆலையில் அதே இன்ஜினைச் செய்ய முன்பே ஏற்பாடாகியிருந்தது. அதனால்தான் ஜூலையில் உச்சம் தொட முடிந்தது. ஆகஸ்டில் மாரியன்ஃபெல்டே, செப்டம்பரிலிருந்து நூரெம்பெர்க் என்று அடி தொடர்ந்தது. எண்ணிக்கை மறுபடி ஏறவேயில்லை.

கவசத் தகடு கண்ணாடிபோல உடைந்தது என்கிறார்களே?

கடைசிக் காலத்துத் தகடுகள் சிலவற்றில் அப்படி நடந்தது. எஃகுக்குக் கடினத்தோடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும் தன்மையும் வேண்டும்; அதைத் தருவதில் மாலிப்டினத்துக்குப் பங்கு உண்டு. மாலிப்டினம் கிடைக்காமல்போனது. குண்டு துளைக்காவிட்டாலும் தகடு வெடித்துப் பிளந்தது. 1944 ஆகஸ்டில் நார்மண்டியின் இசிஞியில் அமெரிக்கர்கள் கைப்பற்றிய பாந்தர்களைச் சுட்டுப் பார்த்தபோது, வண்டிக்கு வண்டி தகட்டின் தரம் மாறுவதைக் கண்டார்கள்.

போர் முடிந்ததும் என்ன ஆயிற்று?

ஹானோவர் ஆலையில் பாதி முடிந்த உடல்களும் உதிரிப் பாகங்களும் குவிந்து கிடந்தன. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்கள் 1945–46இல் அவற்றைக் கொண்டு ஒன்பது பாந்தர்களையும் அதே அடித்தளத்தில் அமைந்த 12 யாக்ட்பாந்தர் என்ற டாங்கி வேட்டை வண்டிகளையும் ஒன்றுசேர்க்க வைத்துச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். பிரெஞ்சு ராணுவமோ சுமார் 50 பாந்தர்களைத் தன் படையிலேயே சேர்த்து, 1950 வாக்கில்தான் கைவிட்டது. அந்தப் பீரங்கியின் வழியில் வந்ததுதான் ஏ.எம்.எக்ஸ்.-13 என்ற பிரெஞ்சு இலகு டாங்கியின் 75 மில்லிமீட்டர் பீரங்கி. அதை இந்தியாவும் வாங்கியது. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் ஜம்முவின் சம்ப் பகுதியில் முதலில் எதிர்த்து நின்றவை அந்த டாங்கிகள்.

அப்படியானால் பாந்தர் நல்ல டாங்கியா, இல்லையா?

முன்னாலிருந்து பார்த்தால் அந்தப் போரின் மிகச் சிறந்த நடுத்தர டாங்கி. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 40 மில்லிமீட்டர் தகடுள்ள பெரிய இலக்கு. பணிமனையிலிருந்து பார்த்தால் தலைவலி. டி-34இன் கியர்பெட்டியும் தொடக்கத்தில் மோசமானதுதான். ஆனால் சோவியத்துகள் அதற்கேற்ப வண்டிகளை அள்ளிக் கொட்டினார்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்பவனுக்கு வண்டி நீண்ட நாள் ஓட வேண்டும். பாந்தரோ குறைந்த எண்ணிக்கையில் வந்து சீக்கிரமும் நின்றது. 1944 கடைசியில் வந்த ஜி வகையை நல்ல ஓட்டுநர், நல்ல பணிமனை, போதிய பெட்ரோல் இவற்றோடு கொடுத்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். அந்த மூன்றும் அப்போது ஜெர்மனியிடம் இல்லை.

நேரில் பார்க்க முடியுமா? பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கிலாந்தில் போவிங்டன், பிரான்சில் சோமூர், ஜெர்மனியில் முன்ஸ்டர், மாஸ்கோ அருகே கூபின்கா அருங்காட்சியகங்களில் இருக்கிறது. போவிங்டனில் நிற்பது ஹானோவரில் பிரிட்டிஷார் ஒன்றுசேர்க்க வைத்தவற்றில் ஒன்று. நெதர்லாந்தின் பிரெடா நகரப் பூங்காவில் நிற்கும் டி வகை வண்டி, ஊரை மீட்ட போலந்துப் படையின் அன்பளிப்பு.

முதலில் முன்தகட்டைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கம் செவ்வக மூடி இருந்தால் டி அல்லது ஏ. தகடு மழமழவென்று இருந்தால் ஜி. தலைவரின் மூடி பீப்பாய்போல நிமிர்ந்து நின்றால் டி. வார்ப்பில் வட்டமாகப் பெரிஸ்கோப்புகளோடு இருந்தால் பிந்தையது. பிறகு எல்லாரும் பீரங்கியின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் இரண்டடி ஓரமாக நகர்ந்து, சங்கிலியை இழுக்கும் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். உடலோடு போல்ட் போட்டு இறுக்கிய ஒரு தடித்த வார்ப்புப் பெட்டி தெரியும். அதற்குள்தான் அந்தச் சக்கரங்கள் இருக்கின்றன.